குணத்துக்கு டியூஷன்

நான் இதுவரை நடத்திய வகுப்புகளில் மிக நன்றாக நடந்த வகுப்பு ஒரு மறுவாழ்வு மையத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. மாணவர்கள் ஏழு பேர். எல்லாரும் குடியை விட முடியாமல் சிகிச்சைக்கு வந்து தங்கியவர்கள். நானும் அப்படி வந்தவன்தான். எங்கள் குணத்தை அளப்பதற்காக அந்த மையத்தில் ஒரு தேர்வு வைப்பார்கள். அதில் எப்படித் தேறுவது என்பதுதான் பாடம். ஏழு பேரும் தேறினார்கள். இதை எழுதும்போதும் என் காது மடல் சுடுகிறது.

நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். ஆறாம் ஆண்டுக்கு அரசாங்கத் தேர்வு இருந்த காலத்தில் எங்கள் வட்டாரத்தில் என்னிடம் டியூஷனுக்கு இடம் கிடைப்பது கஷ்டம். கேள்வித்தாளைக் கையில் எடுத்தால் போதும், தயாரித்தவர் எங்கே குழி வெட்டி வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிடும். ஒரு தடவை படித்த தாளை வரிசை மாறாமல் திருப்பிச் சொல்வேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்று சொல்வதே பொய்.

குடி எப்போது பழக்கமாயிற்று என்று விலாவாரியாகச் சொல்லப் போவதில்லை. தண்ணீர்ப் போத்தலில் தண்ணீரைத் தவிர வேறெல்லாம் ஊற்றிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். ஒருவருக்கும் தெரியாது என்று நான் மட்டும் நம்பிக்கொண்டிருந்தேன். பள்ளி விளையாட்டு நாளில் மைக்கைப் பிடித்து, வெற்றி பெற்ற இல்லத்தின் பெயரை மூன்று தடவை மாற்றி மாற்றிச் சொன்னேன். மூன்று அணிப் பிள்ளைகளும் மாறி மாறிக் குதித்தார்கள். கூடாரத்துக்குள் உட்கார்ந்திருந்த பெற்றோர்களில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அவர்கள் சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். தலைமையாசிரியை மறுநாள் என்னை அறைக்குக் கூப்பிட்டு, மருத்துவ விடுப்புப் பாரத்தை மேசைமேல் தள்ளினார். நல்ல அறிக்கையோடு திரும்பி வந்தால் நாற்காலி இருக்கும் என்றார்.

மையம் யோங் பெங் என்ற சிறு பட்டணத்திலிருந்து உள்ளே தள்ளி, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்தது. பழைய இரட்டைமாடிக் கட்டடம். காலையில் பெருக்குவது, பசியாறிய பிறகு குழுவாக உட்கார்ந்து பேசுவது, மாலையில் தோட்டவேலை என்று நாள் ஓடும். இரண்டு கைகளும் நடுங்கிக்கொண்டு அங்கே போய் இறங்கியவன் நான். என் பையைத் தூக்கிக்கொள்ளக்கூடத் தெம்பில்லை. ஆனால், நான் வாத்தியார் என்று தெரிந்த மறுநிமிடமே எனக்குப் பெயர் சார் ஆகிவிட்டது. தேநீர் வந்தால் முதல் கோப்பை எனக்கு. மின்விசிறிக்குக் கீழே இருந்த கட்டில் எனக்கு. நம் ஆட்கள் வாத்தியாருக்குக் கொடுக்கும் மரியாதையை, வாத்தியார் தள்ளாடிக்கொண்டு வந்தாலும் கொடுத்துவிடுகிறார்கள். வெட்கப்பட்டிருக்க வேண்டும். நான் அந்தக் கோப்பையை வாங்கிக் கால்மேல் கால் போட்டுக் குடித்தேன்.

என் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் பாசிர் கூடாங்கில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். என்னைவிட எட்டு வயது மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன். அவர் என்னை சார் என்பார். தோட்டத்தில் பிறந்து, தோட்டத்துப் பள்ளியிலேயே படிப்பை முடித்துக்கொண்டவர். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பார். வலிமையான தோள்கள், மெதுவான பேச்சு. காலையில் என் போர்வையையும் சேர்த்து மடித்து வைத்துவிடுவார். வேண்டாம் அண்ணே என்றால், "இருக்கட்டும் சார், கை சும்மா இருந்தா வேற எங்கயாச்சும் போவும்" என்று சிரிப்பார்.

இரண்டாவது வாரம் முதல் தேர்வு வைத்தார்கள். அதை நடத்தியவர் மையத்தின் மனநல அதிகாரி, ஒரு மலாய்க்காரப் பெண். என் மூத்த மாணவிகளின் வயதுதான் இருக்கும். நான் ஆசிரியர் என்பதால் என்னை மலாய் வழக்கப்படி சிக்கு என்றுதான் அழைப்பார். தாளில் நூற்றுக்கும் மேற்பட்ட வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். மலாயில் ஒரு வரி, கீழே தமிழில் ஒரு வரி. தமிழில் மொழிபெயர்த்த புண்ணியவான் எந்த ஊரோ தெரியவில்லை. 'நான் அவ்வப்போது உள்ளக் கிளர்ச்சிக்கு ஆட்படுகிறேன்' என்று ஒரு வரி. பொந்தியானிலிருந்து வந்திருந்த லாரிக்காரர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, "சார், இது வாந்தியா?" என்று கேட்டார்.

அந்த வாரம் எங்கள் யாருக்கும் உடம்பு உடம்பாக இல்லை. வியர்வை கொட்டிக்கொண்டிருந்தது. எழுத்துகள் தாளில் நிற்காமல் நகர்ந்தன. அண்ணன் இரண்டு வரி எழுத்துக் கூட்டினார். பிறகு பெருமூச்சு விட்டு, இல்லை என்ற கட்டங்களில் மேலிருந்து கீழ்வரை வரிசையாகக் கோடு போட்டுக்கொண்டே வந்து, தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. நான் அதைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்தேன்.

நான் ஒழுங்காக எழுதினேன். பொய் சொல்லவும் தெம்பு வேண்டுமல்லவா, அது அன்று என்னிடம் இல்லை. நாற்பத்திரண்டாம் வாக்கியம் இப்படி இருந்தது: 'நான் இல்லாமல் போனால் என்னைச் சேர்ந்தவர்களுக்கு நல்லது என்று சில சமயம் தோன்றுகிறது.' அதன் எதிரே ஆம் என்று போட்டேன். போடும்போது ஒன்றும் தோன்றவில்லை. பெயர், வயது எழுதுவதைப்போல எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன்.

மறுநாள் அதிகாரி என்னை மட்டும் கூப்பிட்டனுப்பினார். கதவைச் சாத்திவிட்டு, அந்த ஒரு வரியைப் பற்றி மட்டும் வெகுநேரம் பேசினார். மையத்துக்கு வாரம் ஒருமுறை வரும் மருத்துவரிடம் அனுப்பினார். மருத்துவர் கேட்ட கேள்விகளுக்குப் பாதியில் அழுதுவிட்டேன். மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு மூன்று வாரங்களில், காலையில் கண் விழித்தால் நெஞ்சின்மேல் உட்கார்ந்திருக்கும் பாரம் கொஞ்சம் இறங்கியது. அந்த ஒரு கோட்டால் எனக்குக் கிடைத்த நன்மை அது. இதை இங்கேயே எழுதி வைக்கிறேன். பின்னால் நான் செய்த காரியத்துக்கு, தெரியாமல் செய்தேன் என்று சாக்குச் சொல்ல எனக்கு வழியில்லை.

ஆனால் அன்று நான் அறையிலிருந்து வெளியே வந்தபோது கூடத்தில் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். "சாரையே உள்ள கூப்பிட்டுட்டாங்க லா" என்று யாரோ மெதுவாகச் சொன்னது காதில் விழுந்தது. எனக்கு உடம்பு கூசியது. வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளைத் தனியே கூப்பிட்டுப் பேசியவனை ஒரு சின்னப்பெண் தனியே கூப்பிட்டுப் பேசிவிட்டாள். மாத்திரையை யாருக்கும் தெரியாமல் விழுங்கினேன். ஏன் கூப்பிட்டார்கள் என்று அண்ணன் கேட்டதற்கு, மொழிபெயர்ப்பைத் திருத்திக் கொடுக்கச் சொன்னார்கள் என்று புளுகினேன். "பாத்தீங்களா, அதான் சார்" என்று அவர் பெருமைப்பட்டார்.

அதே தேர்வை ஏழாவது வாரத்தில் மறுபடி வைப்பார்கள் என்று தெரிந்தது. முதல் தாளையும் இரண்டாம் தாளையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் வீட்டுக்கு அனுப்புவதா, இன்னும் இரண்டு மாதம் வைத்துக்கொள்வதா என்று முடிவெடுப்பார்கள் என்று ஒரு பேச்சு. யார் சொன்னார்கள் என்று கேட்டால் ஒருவரும் சொல்லமாட்டார்கள். ஆனால் எல்லாரும் நம்பினோம். நானும் நம்பினேன். எனக்கு நாற்காலி வேண்டும்.

அண்ணனுக்கு வேறொன்று வேண்டியிருந்தது. அவர் மகளுக்கு முதல் பிரசவம். நாங்கள் உள்ளே இருக்கும்போதே பேரன் பிறந்துவிட்டான். முப்பதாம் நாள் வீட்டில் சாமி கும்பிட்டுப் பெயர் வைப்பார்கள். மகள் கல்யாணத்தன்று இவர் குடித்துவிட்டு மண்டபத்து வாசலிலேயே விழுந்துகிடந்தவர். மாப்பிள்ளை அன்றிலிருந்து இவரிடம் முகம்கொடுத்துப் பேசுவதில்லை. "இந்த ஒரு வாட்டி நல்லபடியா போய் நிக்கணும் சார். பிள்ளய ஒரு தடவ கையில வாங்கணும். அப்புறம் என்னா ஆனாலும் பரவால்ல" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தை நான் கவனிக்கவில்லை. முப்பதாம் நாள் எட்டாவது வாரத்தில் வந்தது. தேர்வு ஏழாவது வாரத்தில். எனக்கு அந்தக் கணக்கு மட்டும்தான் கண்ணில் பட்டது.

"அண்ணே, கவலைப்படாதீங்க. நான் சொல்லித்தரேன்" என்றேன்.

அப்படித்தான் தொடங்கியது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கிடைக்கும் ஒரு மணி நேரத்தில், சாப்பாட்டுக் கூடத்தின் கடைசி மேசையில் அவருக்கு மட்டும் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேன். மறுநாள் லாரிக்காரர் வந்தார். அதற்கடுத்த நாள், தினமும் மோட்டார்சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வந்த ஒருவர் இன்னும் சிலரைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஏழு பேர் ஆனார்கள். கிழித்துப்போட்ட நாட்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில், நினைவிலிருந்து எல்லா வாக்கியங்களையும் எழுதினேன். ஒன்றுகூட விடுபடவில்லை.

தாள் எப்படித் தயாரிக்கப்பட்டிருக்கிறது என்பதை முதலில் விளக்கினேன். ஒரே கேள்வியை வேறு வேறு வார்த்தைகளில் இரண்டு இடத்தில் கேட்டிருக்கிறார்கள். பதினோராம் கேள்விக்கு நீங்கள் சொன்னதையே எழுபதாம் கேள்விக்கும் சொல்ல வேண்டும், மாற்றிச் சொன்னால் படிக்காமல் போட்டிருக்கிறீர்கள் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். சில வாக்கியங்கள் நம்மைப் பிடிப்பதற்கென்றே வைத்த பொறி. 'நான் ஒருபோதும் பொய் சொன்னதில்லை', 'எனக்கு யார்மேலும் கோபம் வந்ததே இல்லை.' இதற்கெல்லாம் ஆம் என்று போட்டால், நல்லவன் வேஷம் போடுகிறான் என்று தாளையே ஒதுக்கிவிடுவார்கள்.

"அப்போ என்னா போடணும் சார்?"

"கொஞ்சம் தப்புப் பண்ணியிருக்கணும். ரொம்பப் பண்ணியிருக்கக் கூடாது."

எல்லாரும் சிரித்தார்கள். ஒப்புக்கொள்ளத்தக்க தப்புகள் என்று ஒரு பட்டியலே போட்டேன். சின்ன வயதில் பக்கத்து வீட்டு ரம்புத்தான் பறித்தது சரி. சூப்பர்வைசர்மேல் கோபம் வந்தது சரி. கோபத்தில் எதையாவது உடைத்தது வேண்டாம். பொய் சொன்னது உண்டு, மனைவியிடம் மட்டும் கிடையாது. லாரிக்காரர் மேசையைத் தட்டிச் சிரித்துக்கொண்டே, "அலமாக், என் பொண்டாட்டி இந்தத் தாள பாக்காம இருக்கணும்" என்றார்.

ஒரு வாக்கியம் எனக்குக் கைகொடுத்தது. 'வேறொரு சக்தி எனக்குள் புகுந்து என்னை ஆட்டுவிக்கிறது.' அதற்கு முதல் தேர்வில் ஒருவர் ஆம் என்று போட்டிருந்தார். குலதெய்வக் கோயிலில் வருஷாவருஷம் அவருக்குச் சாமி வரும். ஊரே அவரிடம் வாக்குக் கேட்கும். அவர் உண்மையைத்தான் எழுதினார். அதற்காக அவரையும் உள்ளே கூப்பிட்டு, காதில் குரல் கேட்கிறதா என்று விசாரித்திருக்கிறார்கள். இதைக் கேட்டதும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நம்மைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர்கள் எழுதிய தேர்வு, இதை வைத்து நம்மை அளப்பதா என்று ஒரு சின்னப் பிரசங்கம் செய்தேன். அதில் நியாயம் இருந்தது, இப்போதும் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்த நியாயத்தை நான் எனக்குக் குடையாகப் பிடித்துக்கொண்டேன். ஒரு கேள்வி நமக்குப் பொருந்தவில்லை என்றால் எல்லாக் கேள்விக்கும் பொய் சொல்லலாம் என்று ஆக்கிவிட்டேன்.

உண்மையைச் சொன்னால் அந்த நாட்களில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன். ஏழு வளர்ந்த ஆண்கள் என் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கை நடுக்கம் நின்றிருந்தது. எழுத்து பழையபடி குண்டு குண்டாக விழுந்தது. குடிக்காமலே தலைக்கு ஏறியிருந்தது எனக்கு.

நாற்பத்திரண்டாம் வாக்கியத்துக்கு வந்தோம். மற்றவர்கள் அன்று தோட்டவேலைக்குச் சீக்கிரம் போய்விட்டார்கள். அண்ணனும் நானும்தான் இருந்தோம். நான் வாசித்தேன். அவர் மேசைமேல் கிடந்த சோற்றுப் பருக்கையை விரலால் நகர்த்திக்கொண்டிருந்தார்.

"இது நெசந்தான் சார்" என்றார்.

"எது?"

"நான் இல்லன்னா அவங்களுக்கு நல்லதுதான். தோணும். அடிக்கடி தோணும்."

எனக்குக் கேட்டது. அவர் சொன்னது முழுவதும் எனக்கு விளங்கியது. சில வாரங்களுக்கு முன்னால் நானே கோடு போட்ட கட்டம் அது. அந்த இடத்தில் நான் பென்சிலைக் கீழே வைத்திருக்க வேண்டும். எனக்கும் தோன்றியது அண்ணே, அதனால்தான் என்னைக் கூப்பிட்டார்கள், பேசினார்கள், மாத்திரை கொடுத்தார்கள், இப்போது தேவலை என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அப்படிச் சொன்னால் மொழிபெயர்ப்பைத் திருத்தப் போனேன் என்று சொன்ன புளுகு வெளிப்படும். அவர் என்னைப் பார்க்கும் பார்வை மாறும். அந்த ஒரு பார்வைக்காக நான் சொன்னது இது:

"அதுக்கு இல்லன்னு போடுங்க. ஆமான்னு போட்டா விடமாட்டாங்க. பேரன பாக்க வேணாமா?"

"சரி சார்" என்றார். நாட்காட்டித் தாளில் அந்த எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக்கொண்டார், மறக்காமலிருக்க.

ஏழு பேரும் எழுதினார்கள். நானும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பதில்களையே எழுதினேன். அதிகாரி எங்களைப் பாராட்டினார். எல்லாருக்கும் நல்ல முன்னேற்றம் என்றார். என்னைப் பார்த்து, சிக்குவால் மற்றவர்களுக்கும் ஊக்கம் வந்திருக்கிறது என்று சொன்னபோது நான் அடக்கமாகத் தலையாட்டினேன். எட்டாவது வாரம் அண்ணன் வீட்டுக்குப் போனார். போகும்போது என் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் நானும் நல்ல அறிக்கையோடு பள்ளிக்குத் திரும்பினேன். நாற்காலி இருந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை, தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. அண்ணனின் மனைவி. பேரனுக்குப் பெயர் வைத்த அன்று அவர் வேட்டி கட்டிக்கொண்டு நன்றாக இருந்தாராம். பிள்ளையைக் கையில் வாங்கினாராம். மாப்பிள்ளைகூட அவரை ஒரு படம் எடுத்தாராம். அதற்குப் பிறகு ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. ஆனால் பேச்சும் குறைந்துபோய்விட்டது. முந்தைய வாரம் ஒரு காலையில், அவர் தன் உயிரை முடித்துக்கொள்ளப் பார்த்திருக்கிறார். மார்க்கெட்டுக்குப் போன மனைவி பர்ஸை மறந்துவிட்டுத் திரும்பி வந்ததால் பிழைத்தார். "சார், அவரு உங்கள பத்திதான் எப்பவும் பேசுவாரு. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போனீங்கன்னா நல்லாருக்கும்" என்றார்.  சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாளே ஜோகூர் பாருவில் அவர் இருந்த மருத்துவமனைக்குப் போனேன். ஜன்னலோரக் கட்டில். தோள்கள் ஒடுங்கியிருந்தன. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார முயன்றார். "சார் வந்துட்டாரு" என்று மனைவியிடம் சொன்னார், ஏதோ விசேஷத்துக்கு வந்தவனைப்போல. அந்த அக்கா பிளாஸ்கைத் திறந்து, மூடியில் மைலோ ஊற்றி முதலில் எனக்கு நீட்டினார். "நீங்க மட்டும் அங்க இல்லன்னா இவரு முப்பதுக்கு வந்தே இருக்க மாட்டாரு சார். நீங்கதான் பாஸ் பண்ண வெச்சீங்கன்னு சொன்னாரு" என்றார். கையில் வாங்கிய மைலோ சூடாக இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அண்ணன் குரலைத் தாழ்த்தினார்.

"நாளைக்கு வீட்டுக்கு அனுப்பிடுவாங்க சார்."

"டாக்டர் பாத்தாரா?"

"பாத்தாங்க. அதே கேள்விதான் சார் கேட்டாங்க. நாப்பத்திரெண்டு. இன்னும் அப்படித் தோணுதான்னு கேட்டாங்க. நான் இல்லன்னு சொல்லிட்டேன்." கொஞ்சம் சிரித்தார். "சுத்திச் சுத்தி வேற மாதிரி ரெண்டு வாட்டி கேட்டாங்க. நீங்க சொல்லிக் குடுத்தது ஞாபகம் இருந்துச்சி. மாத்தாம சொன்னேன்."

"தோணுதா அண்ணே?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அது இருக்கும் சார்" என்றார்.

கார் நிறுத்துமிடத்தில் டோக்கன் போட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். அதுவும் பொய். காருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். இங்கேதான் நான் யார் என்பது தெரிந்தது, அதைத் தாளில் அளக்க வேண்டியதே இல்லை. மேலே ஒரு மனிதர் நாளைக்கு அந்த நினைப்போடு வீட்டுக்குப் போகப்போகிறார். கீழே நான் என்ன யோசித்தேன் தெரியுமா? மருத்துவரிடம் சொன்னால் மையத்துக்குத் தெரியும். மையத்துக்குத் தெரிந்தால் என் அறிக்கையும் பொய் என்று ஆகும். தலைமையாசிரியைக்குப் போகும். கூடாரத்துக்குள் சிரிக்காமல் உட்கார்ந்திருந்த அந்த முகங்களையெல்லாம் மறுபடி பார்க்க வேண்டும். பெயர் சொல்லாமல் ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போகலாமா என்றுகூட நினைத்தேன். பேனாவை எடுத்துவிட்டேன். அரைமணி நேரமாவது அப்படி உட்கார்ந்திருப்பேன். குடிக்க வேண்டும் என்று நாக்கு கேட்டது. அந்த வேட்கைக்குப் பயந்துதான் காரைவிட்டு இறங்கினேன் என்று நினைக்கிறேன், நல்லெண்ணத்தால் மட்டும் இறங்கவில்லை.

வார்டு மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தமிழ்ப் பெண். நான் சொல்லச் சொல்ல அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். ஒன்றும் திட்டவில்லை. "நீங்க டீச்சரா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். அவர் எழுந்து நேராக அண்ணனின் கட்டிலுக்குப் போய்த் திரைச்சீலையை இழுத்து மூடினார்.

நடைவழியில் நின்றுகொண்டு மையத்து அதிகாரியை அழைத்தேன். ஏழு பேரையும் நான்தான் தயார் செய்தேன் என்றேன்.  அவர், அண்ணனின் முதல் தாள் செல்லாது என்று அப்போதே ஒதுக்கிவிட்டதாகச் சொன்னார். எல்லாமே இல்லை என்றிருந்ததாம். உடம்பு தேறியபின் எழுதும் இரண்டாம் தாளைத்தான் நம்பியிருந்தாராம்.

"ஆமாம் என்று போட்டிருந்தால் அவரைப் பேரன் விழாவுக்கு விட்டிருக்க மாட்டீர்கள், அதனால்தான்…" என்று இழுத்தேன்.

"சிக்கு, அந்தக் கேள்விக்கு மதிப்பெண்ணே கிடையாது" என்றார் மலாயில், மிகவும் களைத்த குரலில். "யாரோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்று எங்களுக்குத் தெரிவதற்காக வைத்தது. உங்களோடு பேசினேனே. அவரையும் அதே வாரம் வீட்டுக்கு அனுப்பியிருப்பேன், மருத்துவரிடம் தேதி வாங்கிக் கொடுத்து."

நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். சக்கர நாற்காலியில் யாரையோ தள்ளிக்கொண்டு போனவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

திரும்பிப் போனபோது திரைச்சீலை விலகியிருந்தது. அக்கா எழுந்து நின்றுகொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது. "நாளைக்கு விடமாட்டாங்களாம்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "நீங்களா அப்படிச் சொல்லச் சொன்னீங்க?"

"ஆமாங்கா."

அவர், நான் குடிக்காமல் வைத்துவிட்டுப்போன மைலோவை எடுத்துக்கொண்டுபோய்க் கைகழுவும் தொட்டியில் ஊற்றி, மூடியைக் கழுவி, பிளாஸ்கை இறுக்கி மூடினார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கட்டிலருகே உட்கார்ந்தார்.

அண்ணன் என்னைக் கிட்டே வரும்படி கைகாட்டினார். போய்க் குனிந்தேன். திட்டட்டும், ஒரு அறை விடட்டும் என்று மனது கெஞ்சியது. அவர் கண்ணில் கோபமே இல்லை. தேர்வு முடிவு வரும் அன்று பள்ளி வராந்தாவில் நிற்கும் பிள்ளைகளின் முகத்தில் அந்தப் பயத்தைப் பார்த்திருக்கிறேன். வயதான முகத்தில் அதைப் பார்த்தது அன்றுதான்.

"அந்த டாக்டர்கிட்ட இப்ப உண்மையச் சொல்லிட்டேன்" என்றார். "அதான் வெச்சிக்கிட்டாங்க. நான் பெயிலாயிட்டனா சார்?"